கை எழும்புமா, வேலை நிலைக்குமா? வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர் மேடம். கடலூரில் தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றில் இ.எம்.டி.யாக, அதாவது வண்டியில் நோயாளிக்கு அவசரச் சிகிச்சை கொடுப்பவராக இருக்கிறேன், வயது 34. விலங்கியல் பட்டம் முடித்துப் பயிற்சி எடுத்த நாளிலிருந்து இதைத் தவிர வேறு வேலை தெரியாது. மூன்று மாதம் முன்பு ராத்திரி, சிதம்பரம் பக்கமிருந்து ஒரு பிரசவ கேஸை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போகும்போது, ஆலப்பாக்கம் தாண்டி எதிரே வந்த லாரி இடித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, குழந்தையும் நல்லபடியாகப் பிறந்தது. எனக்கு வலது மேற்கை எலும்பு நடுவில் முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். எலும்பு சேர்ந்து வருகிறதாம். ஆனால் மணிக்கட்டு தொங்கியே கிடக்கிறது, விரல்களை நீட்ட முடியவில்லை. 'ரேடியல் நரம்பு அடிபட்டிருக்கு, பார்க்கலாம்' என்பதோடு சரி. சட்டை பட்டன் மனைவிதான் போட்டுவிடுகிறாள். போன வாரம் சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்காராமலே வந்துவிட்டேன், இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்று. ஆபீஸில் 'எழுதிக் கொடுத்துட்டு செட்டில்மென்ட் வாங்கிக்கோங்க' என்று நைசாகச் சொல்கிறார்கள். சைரன் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது, தூக்கமும் சரியில்லை. என் கை திரும்புமா? திரும்பாவிட்டால் நான் என்ன செய்வேன்?
– பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, முதல் வேலையாக, அவர்கள் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மீதியைப் பொறுமையாகப் பேசுவோம்.

ரேடியல் நரம்பு மேற்கை எலும்பைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, எலும்பை ஒட்டியே இறங்குகிறது. அதனால் அந்த எலும்பு நடுவில் முறிந்தால் நரம்பும் சேர்ந்து அடிபடுவது எங்களுக்கு ரொம்பப் பழகிய விஷயம். தோல் கிழியாமல் உள்ளுக்குள் முறிந்த கேஸ்களில் பெரும்பாலானவர்களுக்கு நரம்பு தானாகவே திரும்புகிறது. வெறும் நசுக்கல் என்றால் ஆறு, எட்டு வாரத்திலேயே அசைவு தெரிய ஆரம்பித்திருக்கும். உங்களுக்கு மூன்று மாதமாகியும் தெரியவில்லை என்றால் உள்ளே இழைகள் அறுந்து புதிதாக வளர வேண்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வளரும் வேகம் நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். முறிந்த இடத்திலிருந்து, அதற்குக் கீழே இந்த நரம்பு போய்ச் சேரும் முதல் தசை வரைக்கும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தத் தசைக்கே நான்கு மாதம் ஆகிறது. 'பார்க்கலாம்' என்று உங்கள் டாக்டர் சொன்னது தப்பில்லை, எதைப் பார்க்கப்போகிறோம், எதுவரைக்கும் பார்க்கப்போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். புறநோயாளிப் பிரிவில் நிற்கிற கூட்டத்தில் அதற்கெல்லாம் எங்கே நேரம் என்று நாங்களும் சாக்குச் சொல்லிக்கொள்கிறோம்!

எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். கட்டைவிரல் மேலே இருக்கிற மாதிரி, டம்ளர் பிடிக்கிற வாக்கில் கையை வைத்துக்கொண்டு முழங்கையை மடக்குங்கள். இடது கையால் அதை லேசாக எதிர்த்துப் பிடியுங்கள். முன்கையின் வெளிப்பக்கம், முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு தசை கயிறு மாதிரி எழும்புகிறதா? எழும்பினால் நரம்பு முதல் ஸ்டேஷனைத் தொட்டுவிட்டது. அதற்கடுத்து மணிக்கட்டு எழும்பும், ஆரம்பத்தில் கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்துகொண்டு கோணலாகத்தான் எழும்பும், பயந்துவிடாதீர்கள். விரல்கள் அப்புறம், கட்டைவிரல் கடைசி. நரம்புப் பாதையில் விரலால் தட்டும்போது கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்கிற இடம் மாதத்துக்கு மாதம் கீழே இறங்குகிறதா என்பதையும் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஆபரேஷன் நோட்ஸ் நகலைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. பிளேட் வைக்கும்போது நரம்பைக் கண்ணால் பார்த்தார்களா, அறுபடாமல் இருந்ததா என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும், உங்கள் விஷயத்தில் பாதி பதில் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கூடவே ஊசி வைத்துச் செய்யும் இ.எம்.ஜி. பரிசோதனையை இப்போதே எடுத்துவிடுங்கள். தசை கண்ணுக்குத் தெரிய அசைவதற்கு முன்பே நரம்பு வந்து சேர்ந்ததை அது காட்டிக்கொடுக்கும். ஆறு மாதம் தாண்டியும் எதிலும் அறிகுறி இல்லையென்றால் 'இன்னும் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காமல், கோரிமேட்டில் ஜிப்மரிலோ வேறு பெரிய ஆஸ்பத்திரியிலோ கை அறுவை செய்பவரிடம் காட்டுங்கள். ஒன்றரை வருடம் போல நரம்பில்லாமல் கிடந்த தசைக்கு, அதற்குப் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பிரயோஜனம் குறைவு.

நரம்பு வரவே இல்லையென்றாலும் கதை முடியவில்லை. வேலை செய்கிற வேறு தசையின் தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) எடுத்து மணிக்கட்டையும் விரல்களையும் தூக்கும் தசைநாண்களோடு இணைத்துவிடலாம். உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்புகிற தசை ஒன்று முன்கையில் இருக்கிறது, அதுதான் பெரும்பாலும் மணிக்கட்டைத் தூக்கும் வேலைக்கு மாற்றப்படும். தசைநாண்களை இப்படி இடம் மாற்றும் அறுவையில் நம் ஊருக்குப் பெரிய சரித்திரமே உண்டு. தொழுநோயால் மடங்கிப்போன கைகளை வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் இந்த முறையில்தான் 1940களின் கடைசியிலிருந்து நிமிர்த்திக் கொடுத்தார்.

அதுவரைக்கும் மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கிற ஸ்பிளிண்டைக் கழற்றாமல் போடுங்கள். போட்டுக்கொண்டு ஒரு துணியைப் பிழிந்து பாருங்கள், அப்புறம் கழற்றிவிட்டுப் பிழிந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். பிடிக்கிற தசைகளுக்கு உங்களுக்கு ஒன்றுமில்லை, மணிக்கட்டு தொங்குவதால்தான் பிடி விட்டுப்போகிறது. ஸ்பிளிண்டைப் போட்டுக்கொண்டால் ஸ்பூன் பிடித்து வலது கையாலேயே சாப்பிடலாம், அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்காருங்கள். விரல்களை இடது கையால் தினமும் பலமுறை முழுசாக நீட்டி மடக்கிக்கொண்டே இருங்கள். நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிப்போயிருந்தால் வந்தும் பலனில்லை. புத்தூர் கட்டு, எண்ணெய் நீவல் என்று யாராவது கூப்பிடுவார்கள். பிளேட் இருக்கிற கையில் அதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இப்போது காகித விஷயம். நரம்பு அதன் வேகத்தில்தான் வரும், காகிதம் அப்படிக் காத்திருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தப்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும், 2022 ஏப்ரலிலிருந்து இது அமலில் இருக்கிறது. உங்களுக்குப் பாதி நாள் போய்விட்டது. எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியில் முதல் ராத்திரி எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காயச் சான்று, எக்ஸ்ரே, அந்த மாதச் சம்பளச் சீட்டு, டியூட்டி ரோஸ்டர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பணியில் ஏற்பட்ட காயத்துக்கு, வேலைக்குப் போக முடியாத காலம் முழுக்கச் சராசரிக் கூலியில் சுமார் 90 சதவீதம் கொடுக்கிறார்கள். நிரந்தரமாகக் குறை தங்கிவிட்டால் மெடிக்கல் போர்டு மதிப்பிட்டு மாதாமாதம் தொகை வரும். இ.எஸ்.ஐ., லாரி தரப்பு இன்ஷூரன்ஸ், தொழிலாளர் இழப்பீடு என்று வழி பல இருக்கிறது, எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் கை வைக்க முடியாது, எது உங்களுக்கு லாபம் என்பதை வக்கீலிடம் கேளுங்கள். ஃபீஸுக்கு யோசித்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கடலூரிலேயே இருக்கிறது. ராஜினாமா எழுதிவிட்டு இதையெல்லாம் ஆரம்பித்தால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள். 'சிகிச்சையில் இருக்கிறேன், மருத்துவச் சான்று இணைத்துள்ளேன்' என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

வேலைக்கு வருவோம். 'இ.எம்.டி. வேலை பார்க்க முடியுமா' என்று மொத்தமாகக் கேட்டுக்கொண்டால் பதில் கிடைக்காது. ஒவ்வொரு வேலையாகப் பிரித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சை அழுத்த வேண்டும், 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல். இதில் பலம் தோளிலிருந்தும் உடம்பிலிருந்தும்தான் வருகிறது, இடது உள்ளங்கையைக் கீழே வைத்துச் செய்யப் பழகலாம், ஆனால் எலும்பு முழுசாகச் சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, பயிற்சி பொம்மையின் மேல். ரத்தக் குழாயில் மருந்து ஏற்றும் கேனுலா போடுவதை இடது கையால் கற்றுக்கொள்ளலாம், நாளாகும். முகத்தில் மாஸ்க்கை ஒரே கையால் இறுக்கிப் பிடித்து மறுகையால் மூச்சுக் கொடுக்கும் பையை அழுத்துவது கஷ்டம், விரல் நீளாத கையால் மாஸ்க்கைச் சரியாகப் பொருத்த முடியாது. ஸ்ட்ரெட்சர் தூக்குவதுதான் கடைசியில் வர வேண்டியது. முதுநகர் சந்துக்குள் மாடிப்படியில் எண்பது கிலோ ஆளை இறக்கும்போது உங்கள் பக்கம் நழுவினால் நோயாளி மட்டுமல்ல, மறுமுனையில் இருக்கிற பைலட்டும் (வண்டி ஓட்டுநரும்) சேர்ந்து விழுவார். அதனால் அசட்டுத் துணிச்சலில் சீக்கிரம் திரும்பிவிடாதீர்கள். வண்டியே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, போனில் அழுகிற ஆளிடம் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொடுக்க, வண்டியில் இருந்த ஆளைவிடத் தோதானவர் யார்? ஐந்நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சிப்காட் இருக்கிறது. முதலுதவிப் பயிற்சி கொடுக்கிற வேலையும் இருக்கிறது.

டாக்டர் மேரி வர்கீஸ் கதையை யாராவது உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். வேலூரில் இளம் டாக்டராக இருந்தபோது 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் போய், இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல், சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செய்தவர், பிறகு அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கியவர், 1972இல் பத்மஸ்ரீ. பாருங்கள் என்ன மனஉறுதி என்று சொல்லி உங்களைக் குத்திக்காட்டுவதற்கு அந்தக் கதை வேண்டாம். எனக்கு அதில் பிடித்தது வேறு. உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை எது என்று பார்த்து, தொழுநோயாளிகளின் கைகளை அவருக்குக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். உங்கள் நிர்வாகத்திலும் அப்படி ஒருத்தர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் எந்த வேலையைக் கொடுக்கலாம் என்று நீங்களே எழுதிக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

சைரன் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அதைத்தான் முதல் வரியில் எழுதியிருப்பேன். தூக்கம் கெடுவது, அந்த ராத்திரி கண்முன் வந்துபோவது, சைரனுக்கு உடம்பு பதறுவது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது சிகிச்சை எடுக்க வேண்டிய ஒன்று, எடுத்தால் குறையவும் செய்யும். 14416க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். கை சரியாகி வண்டியில் ஏறுகிற அன்றைக்கு இந்தப் பதற்றம் அப்படியே இருந்தால் கை இருந்தும் வேலை ஓடாது.

கேள்வி: புதுச்சேரியில் அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் ஸ்டாஃப் நர்ஸ். நோயாளியைத் தூக்கிப் படுக்க வைக்கும்போது முதுகு பிடித்து, ஸ்கேனில் டிஸ்க் விலகல் என்று வந்திருக்கிறது. இடது கால் வரைக்கும் இழுக்கிறது. ஓ.பி.க்கு மாற்றிவிட்டார்கள். கேஷுவாலிட்டியில் இருந்தவளுக்கு சீட்டு எழுதுகிற வேலை அவமானமாக இருக்கிறது.
– வாசகி, புதுச்சேரி

பதில்: அவமானம் ஒன்றுமில்லை, ஆனால் டிஸ்க்குக்கு நல்லது என்று நினைத்து உங்களை எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும், நிற்பதைவிட உட்காருவதில் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். அரை மணிக்கு ஒருதடவை எழுந்து நடங்கள். பெரும்பாலான டிஸ்க் வலி சில வாரங்களில், மிஞ்சினால் மூன்று மாதத்தில், ஆபரேஷன் இல்லாமலே அடங்கும். சிறுநீர் வருவதே தெரியவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, பாதம் தொங்குகிறது என்றால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அரசுப் பணி என்பதால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும் என்று 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 20ஆவது பிரிவில் இருக்கிறது. கேஷுவாலிட்டிக்குத் திரும்பும்போது தனியாளாகத் தூக்க மாட்டேன், நோயாளியை நகர்த்த ஸ்லைடிங் ஷீட் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். உங்களுக்கு அடுத்து அந்த இடத்துக்கு வந்திருக்கிற பெண்ணுக்கும் அது வேண்டும்.

கேள்வி: விபத்தில் கை நரம்பு அடிபட்ட என் அண்ணனுக்கு பி12 ஊசியும் முருங்கைக்கீரையும் கொடுத்தால் நரம்பு சீக்கிரம் வளருமா?
– வாசகி, பண்ருட்டி

பதில்: உடம்பில் பி12 குறைவாக இருந்தால் ஊசி போட வேண்டும், அளவு சரியாக இருக்கிறவருக்கு ஊசி மேல் ஊசி போட்டு நரம்பை ஓட வைக்க முடியாது. முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடட்டும், நரம்புக்காக இல்லாவிட்டாலும். சர்க்கரை இருக்கிறதா என்று எழுதவில்லையே? சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் நரம்பு வளர்வது மந்தமாகும். மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்.பி.ஏ.1சி. பரிசோதனையை எடுத்து, ரிசல்ட்டோடு மறுபடி எழுதுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அண்ணனைக் கேட்காமல் அண்ணியைக் கேட்டு.