மொபைல் கார் டீடெய்லிங் தொடங்குகிறேன். இவ்வளவு சாமானையும் வேனில் எப்படி அடுக்கி எடுத்துப் போவது?

கார் நிற்கும் இடத்துக்கே போய் உள்ளும் புறமும் சுத்தம் செய்யும் தொழிலுக்கு 400 லிட்டர் தண்ணீர் டேங்க், ஜெனரேட்டர், பிரஷர் வாஷர், வேக்யூம், இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை ரேக். இதெல்லாம் ஒரே வேனில் அடங்குமா, எப்படி அடுக்கினால் எல்லாம் கைக்கு எட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியலைப் பார்த்தாலே நிறைய வீடியோ பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீடியோக்களில் வேன் கதவைத் திறந்ததும் கழுவ வேண்டிய கார் நாலடி தள்ளி நிற்கும். தொழிலில் இறங்கினால் அப்படி வசதியாக நிற்கிற கார் பாதிகூட இருக்காது.

கார் அடித்தளப் பார்க்கிங்கில் இருக்கும். பூட்டிய கேட்டுக்குள் இருக்கும். வேனை நிறுத்தினால் அடுத்தவர் வண்டியை எடுக்க முடியாத சந்தில் இருக்கும். அதனால் வேனுக்குள் எப்படி அடுக்குவது என்பது பாதிக் கேள்விதான். வேனிலிருந்து கார் வரைக்கும் சாமான் எப்படிப் போய்ச் சேரும் என்பது மீதி. இந்த மீதியை யாரும் கேட்பதே இல்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அடித்தளத்தில் வரிசையாக நிற்கும் கம்பெனிக் கார்கள், உள்ளும் புறமும் சுத்தம் செய்ய வேண்டும். "உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் பெரிய வேனோடு வந்தார், உள்ளேயே நுழைய முடியாமல் திரும்பிப் போய்விட்டார், நீங்களாவது முடியுமென்றால் வாருங்கள்" என்று போனிலேயே அந்த மேலாளர் கொஞ்சம் சலிப்போடுதான் சொன்னார். போய்ப் பார்த்தால் நுழைவாயிலில் உயரத் தடுப்புக் கம்பி. 2.1 மீட்டர். உயரமான கூரை வைத்த வேன், அதற்கும் மேலே ஏணியும் கூரை ரேக்கும் என்றால் எப்படி நுழையும்? தெருவில் நிறுத்தி ஹோஸை இழுத்துப் பார்த்திருக்கிறார், எட்டவில்லை.

என் வண்டி சின்னது, உயரம் பிரச்சினையே இல்லை. ஆனால் காவலாளி ஐயா சரக்கு வண்டியை உள்ளே விட மாட்டேன் என்றார். சரி என்று வெளியே ஓரமாக நிறுத்தி, மடக்கு டிராலியை விரித்து, அதில் மூன்று க்ரேட், மேலே வேக்யூம், பக்கத்தில் வாளிகள், தண்ணீருக்கு 20 லிட்டர் கேன்கள் என்று ஏற்றிச் சாய்தளம் வழியாகவே தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டேன். கீழே குழாயும் இல்லை, தண்ணீர் வழிந்தோட வாய்க்காலும் இல்லை. ரின்ஸ்லெஸ் வாஷ்தான், அதாவது தண்ணீர் ஊற்றி அலசாமல் கலவையில் நனைத்த துணியாலேயே துடைத்து எடுக்கும் முறை. நகரத்துத் தூசி படிந்த காருக்கு ஒரு வாளி, அதாவது 10 லிட்டர் போதும். சேறு அப்பிய கார் என்றால் அது வேறு கதை, முதலில் தண்ணீர் அடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பெயின்டில் கோடு விழும். ஆனால் அங்கே நின்றது எல்லாம் தூசிக் கார்கள். அந்த அலுவலகம் இன்றைக்கும் எனக்கு நிரந்தர வாடிக்கை.

தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். அந்தப் பெரிய வேன்காரரைக் குறை சொல்லவும் இல்லை. திறந்த மைதானத்தில் லாரியோ பேருந்தோ கழுவுகிறவருக்கு அந்த வேன்தான் சரி, என் டிராலியை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் வீட்டுக் கார்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த மூன்று க்ரேட்டில்தான் விஷயம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சாமானை இனம் பிரித்து அடுக்குவார்கள். பாட்டில் எல்லாம் ஒரு தட்டில், பிரஷ் எல்லாம் ஒரு தட்டில், துணி எல்லாம் ஒரு டிராயரில். படம் எடுத்துப் போட அழகாக இருக்கும். ஆனால் சக்கரம் கழுவ மூன்று தட்டிலும் கை வைக்க வேண்டும், உள்பக்கம் சுத்தம் செய்ய மறுபடி மூன்று தட்டு. கார் அடித்தளத்தில் நின்றால் ஒவ்வொன்றுக்கும் மேலே ஏறி வர வேண்டும். அதற்குப் பதிலாக வேலையை வைத்துப் பிரியுங்கள். சக்கர க்ரேட்டில் வீல் கிளீனர், சக்கர பிரஷ், டயருக்குப் பளபளப்புத் தரும் டிரெஸ்ஸிங், அதற்கென்று ஒதுக்கிய பழைய துணி. கழுவும் க்ரேட்டில் ஷாம்பூ, மிட் என்கிற கழுவும் கையுறை, காயவைக்கும் டவல். உள்பக்க க்ரேட்டில் மென்மையான பிரஷ், ஆல் பர்ப்பஸ் கிளீனர், கண்ணாடித் துணி, வேக்யூமின் சின்ன மூக்குகள். பாலிஷ் போடும் மெஷினுக்கும் அதன் பேடுகளுக்கும் தனிப் பை. ஒரே பொருள் இரண்டு க்ரேட்டில் தேவைப்பட்டால் இரண்டாக வாங்குங்கள், இடம் மாற்றி மாற்றி வைக்காதீர்கள். சக்கரத்தில் பட்ட துணி கதவுக்கு வரவே கூடாது. பிரேக் தூசி இரும்புத் துகள், பெயின்டில் தேய்த்தால் கீறும். அதற்காகத்தான் ஒவ்வொரு க்ரேட்டுக்கும் ஒரு நிறத்தில் துணி வைத்திருக்கிறேன்.

5 லிட்டர் கெமிக்கல் கேன்கள் க்ரேட்டில் ஏறக் கூடாது, அவை வேனிலேயே இருக்கட்டும். முந்தின இரவு 500 மில்லி ஸ்ப்ரே பாட்டில்களில் கலந்து நிரப்பிக்கொள்ளுங்கள். பாட்டில் மேல் பொருளின் பெயரும் கலவை அளவும், 1:10, 1:4 என்று, அழியாத மையில் இருக்க வேண்டும். எனக்கு நிறத்தைப் பார்த்தாலே தெரியும் என்பீர்கள். உங்களுக்குத் தெரியும், நாளைக்கு உதவிக்கு வருகிற பையனுக்குத் தெரியாது.

இப்போது அந்த 400 லிட்டர் டேங்க். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. டேங்க் நிறைந்தால் தண்ணீர் மட்டும் 400 கிலோ, கூடவே டேங்க், அதைத் தாங்கும் சட்டம், ஜெனரேட்டர், ரேக், கேன்கள், நீங்கள், உதவியாள். உங்கள் வேன் எவ்வளவு தாங்கும் என்று பார்த்தீர்களா? வண்டியின் பதிவுப் பத்திரத்திலோ கதவுச் சட்டத்தில் ஒட்டிய தகட்டிலோ மொத்த எடை வரம்பு இருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றலாம் என்கிற அளவு. சின்ன வேனுக்கு அது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே வரும். எல்லாம் ஏற்றிய பிறகு ஒரு எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள், கணக்கில் விட்டதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, பாதி நிறைந்த டேங்க் முழு டேங்கைவிட மோசம். முழு டேங்கில் தண்ணீர் அசைய இடமில்லை. பாதி காலியானதும் வளைவில் ஒரு பக்கம் சாய்கிறது, பிரேக் அடித்தால் முன்னால் பாய்கிறது. உள்ளே தடுப்புப் பலகை உள்ள டேங்காகப் பார்த்து வாங்குங்கள். பின் ஆக்சிலுக்கு நேர் மேலோ அதற்குச் சற்று முன்னாலோ, முடிந்தவரை தரையோடு வையுங்கள். கடைசிப் பின்கதவை ஒட்டி வைத்தால் முன்சக்கரத்தின் பிடி குறையும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். தரைத் தகட்டில் நாலு ஸ்க்ரூ அடித்து நிறுத்துவதெல்லாம் போதாது. சேசிஸோடு பிணைந்த கொக்கிகளில் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். அப்புறம் உங்கள் இருக்கைக்குப் பின்னால் கட்டாயம் இரும்புத் தடுப்பு. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். கட்டாத வேக்யூம் ஒன்று பின்மண்டையைத் தேடி வர 50 கி.மீ. வேகமே தாராளம்.

இத்தனைக்கும் 400 லிட்டர் எதற்கு? சாதாரண மின் பிரஷர் வாஷர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர்தான் தள்ளும். ஒரு காருக்குக் கைப்பிடியை அழுத்தியிருக்கும் நேரம் மொத்தமாகப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் 70 லிட்டர். நான் 100 லிட்டர் டேங்கில் ஓட்டுகிறேன், போகிற இடத்தில் தண்ணீர் கிடைத்தால் நிரப்பிக்கொள்கிறேன். டேங்கிலிருந்து எடுக்கும்போது வாஷருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் இருக்க வேண்டும், தண்ணீர் தீர்ந்து பம்ப் காய்ந்து ஓடக் கூடாது. இரண்டையும் கவனிக்கவில்லை என்றால் பம்ப் போய்விடும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் வீட்டு பிளக் கிடைத்தால் அதுவே நல்லது. ஆனால் 1,400 வாட் வேக்யூமும் 1,800 வாட் வாஷரும் ஒரே பிளக்கில் ஒன்றாக ஓடக் கூடாது. எக்ஸ்டென்ஷன் ரீலை எப்போதும் முழுக்கப் பிரித்துவிட்டுத்தான் போட வேண்டும், சுருட்டியபடி விட்டால் சூடேறி உருகும். ஈரத்தில் வேலை என்பதால் கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர் வேண்டும். பேட்டரிப் பெட்டி வாங்குவதாக இருந்தால், 1,000 வாட்-மணி பெட்டி 1,200 வாட் வேக்யூமை 50 நிமிடம்தான் இழுக்கும், அதுவும் இழப்பு போக இன்னும் குறையும். ஜெனரேட்டரை வேனுக்குள் வைத்து ஓட்டலாமா என்றால், கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அடித்தளத்திலும் அதே. ஓட்டிய கையோடு சூடாக உள்ளே ஏற்றவும் வேண்டாம், பெட்ரோல் வால்வை மூடி, ஆறவிட்டு, நிமிர்த்திக் கட்டுங்கள்.

கெமிக்கல் பக்கம் நான் கறாராக இருப்பது ஒன்றில்தான். அமில வீல் கிளீனரும் குளோரின் பிளீச்சும் ஒரே பெட்டியில் வரக் கூடாது. இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு, அதுவும் மூடிய வண்டிக்குள். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் சேர்ந்த வீல் கிளீனரை நான் வண்டியில் ஏற்றுவதே இல்லை. தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே இறங்கும் சங்கதி அது. வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் அரை மணி நேரத்தில் வெளியைவிட 15 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். பாட்டில்கள் உப்பி டிரிக்கர் வழியாகக் கசியும். டிரிக்கரை ஆஃப் நிலைக்குத் திருப்பி, நிற்கவைத்து, அடியில் விளிம்பு உயர்ந்த ட்ரே வையுங்கள். பெயின்டைக் காக்கப் பூசும் செராமிக் கோட்டிங் பாட்டில்களை வண்டியில் விட்டுவைக்காமல் மாலையில் வீட்டுக்குள் எடுத்துப் போய்விடுங்கள்.

ஈரத்துணியை மட்டும் வலைப் பையில் போட்டுத் தனியாகத் தொங்கவிடுங்கள். மூடிய டப்பாவில் போட்டால் மறுநாள் வேனே நாறும்.

எல்லாம் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. உள்பக்க க்ரேட்டில் சில பெரிய ஜிப் பைகள் வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் பொருளுக்காக. "காரைக் காலி செய்து வையுங்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் செய்வதில்லை. சீட்டுக்கு அடியில் செருப்பு, கதவுப் பையில் சில்லறை, பின்னால் பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டு. ஒரு அம்மா, வேலை முடிந்து நான் அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போன் செய்து, டேஷ்போர்டில் வைத்த கூலிங் கிளாஸைக் காணோம் என்றார். காணோம் என்று சொன்ன விதம் இருக்கிறதே, "எடுத்தீர்களா" என்ற வார்த்தை மட்டும்தான் அதில் இல்லை. பாதி வேலையை நிறுத்திவிட்டு வேனையே கவிழ்த்துத் தேடினேன். சாயங்காலம் ஒரு மெசேஜ்: "கிடைத்துவிட்டது, கைப்பையில் இருந்தது." அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மற்றவன் காரைத் துடைக்கிறவனுக்குத் தன்மானம் இருக்காது என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து கார்க் கதவைத் திறந்ததும் உள்ளே இருப்பதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து, பையில் போட்டு, உரிமையாளர் கண் முன்னாலேயே வைத்துவிடுகிறேன்.

ரேக்குக்கு வருகிறேன். இப்போது அடிக்காதீர்கள். ரேக் அடிப்பவர் வேனை அளந்து பார்த்து முழுச் சுவருக்கும் கணக்குப் போடுவார், அவர் தொழில் அது. நீங்கள் முதலில் க்ரேட்களையும் டிராலியையும் மட்டும் வாங்குங்கள். தரையில் வைத்து பெல்ட் போட்டுக் கட்டி, சில வாரம் அப்படியே வேலைக்குப் போய் வாருங்கள். எந்த க்ரேட் முதலில் இறங்குகிறது, எது பக்கக் கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், எதை வாங்கியும் தொடவே இல்லை என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அப்புறம் அந்த க்ரேட்டின் நீளம், அகலத்தை எழுதிக் கொடுத்து, ஓடும்போது நழுவாமலிருக்க முன்விளிம்பில் இரண்டு அங்குலத் தடுப்பு வைத்து, அதற்கேற்ற தட்டுகளை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள்.