கைராசி இல்லை, குளிர்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் இருக்கிறோம். மாமியார் வைத்திருந்த மத்தை எடுத்து இந்த மார்கழியில் முதல் தடவையாகத் தயிர் கடைந்தேன். முக்கால் மணி நேரம் கடைந்தும் நுரைதான் வந்தது. "உனக்குக் கைராசி இல்லை" என்கிறார்கள். பசும்பால் என்பதாலா, என் கையில்தான் குறையா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. குளிர்தான் காரணம்.

பாலில் கொழுப்பு சின்னச் சின்னத் துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளியையும் மெல்லிய தோல் மூடியிருக்கும். மத்து அந்தத் தோலைக் கிழித்தால்தான் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டுவதற்குக் கொழுப்பு கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழி விடியலில், அது இறுகிக் கிடக்கும். பானையில் ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கடையுங்கள். கொதிநீர் வேண்டாம், கொழுப்பு உருகி எண்ணெயாகிவிடும். பசும்பாலில் எருமைப்பாலை விட வெண்ணெய் குறைவாகக் கிடைக்கும், அவ்வளவுதான். திரளாமல் போகாது.

எங்கள் ஊர் மலைக்குக் கீழே, வாழப்பாடிப் பக்கம். அங்கே சங்கடம் நேர் எதிர். சித்திரையில் வெயில் ஏறிவிட்டால் வெண்ணெய் கொழகொழவென்று மோரோடு நின்றுவிடும். அதனால் அம்மாயி கோழி கூவும் முன்னே எழுந்து, மண்பானைத் தண்ணீர் விட்டுக் கடைவார். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது, காது பானையில் இருக்கும். முதலில் சளசளவென்று கேட்கும். அப்புறம் தயிர் தடித்துச் சத்தம் அடங்கும், கயிறு கனக்கும். திடீரென்று கயிறு லேசாகும். அந்த நொடியில் கையைத் தளர்த்திவிடுவார். அதே வேகத்தில் இழுத்தால் மத்து பானையில் போய் மோதும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த பழமொழி இந்த இடத்தில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். மத்தைத் தூக்கினால் இடுக்கெல்லாம் நொய்யரிசி மாதிரி மணிமணியாக ஒட்டியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு அதைச் சேர்த்து உருட்டுவார்.

அம்மாயியையும் ஊரில் கைராசிக்காரி என்றுதான் சொன்னார்கள். எனக்கு அது வருத்தம். எத்தனையோ விடியல்கள் காதாலும் கையாலும் கற்ற வேலை அது. அதை ராசி என்று சொன்னால் அவர் கற்றது ஒன்றுமில்லை என்றாகிவிடுகிறது. உங்களுக்கும் இது முதல் தடவைதானே.

இன்னொன்று, உறை. மலைக்குளிரில் ஒரே ராத்திரியில் தயிர் சரியாகப் புளிக்காது. அடுப்போரம் வையுங்கள், தேவைப்பட்டால் இன்னும் அரைநாள் விடுங்கள். அப்படியும் நுரையோடு நின்றால் கொட்டிவிடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர் இன்னும் கொஞ்சம் விட்டு, மறுபடி கயிற்றைப் பிடியுங்கள். வரும்.