ஷட்டர் ஐலண்ட் கடைசிக் காட்சி: அவன் நடிக்கிறான்

ஷட்டர் ஐலண்ட் படத்தின் கடைசிக் காட்சியில் நாயகன் டெடி, மனநோய் திரும்பியதுபோல் நடிக்கிறான் என்கிறீர்கள்; நானும் அப்படித்தான் நம்புகிறேன். கோபியில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது "பைத்தியம் திரும்பிடுச்சு, அவ்வளவுதான்" என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள் என்றீர்களே, அந்த அவசரத்தில் கடைசி வசனத்தை விட்டிருப்பார்கள். அரக்கனாக வாழ்வதா, நல்லவனாகச் சாவதா என்று கேட்கிறான் பாருங்கள், படத்துக்கு மூலமான டெனிஸ் லெஹேனின் 2003 நாவலில் அது கிடையாது. 2010 படத்துக்காகச் சேர்த்தது. என்னை உலுக்கிய இடமே அதுதான்.

மறுபடி போடும்போது தொடக்கத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். தீவில் இறங்கியதும், டெடியோடு போலீஸ்காரராக வரும் கூட்டாளி துப்பாக்கியைக் கழற்றத் தெரியாமல் தடுமாறுவார். நிஜப் போலீஸ்காரருக்கு அப்படிக் கை தடுமாறுமா? அவரும் நடிக்கிறவர்தான்.

ஆனால் நாவலை மட்டும் படித்தவர் யாராவது "நோய் திரும்பியதுதான்" என்றால் மறுக்காதீர்கள். அதில் அப்படிப் படிக்க இடமிருக்கிறது.