நாலு நாள் பிள்ளைக்குப் பால் போதவில்லையா?

கேள்வி: மகளுக்குப் பிரசவமாகி நாலு நாள் ஆகிறது. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பால் சரியாக ஊறவில்லை. பேரன் விடாமல் அழுகிறான். சம்பந்தியம்மா கழுதைப்பால் புகட்டச் சொல்கிறார். எனக்கு டப்பாப் பால் வாங்கலாமா என்று தோன்றுகிறது. கத்திரி வெயில் வேறு. கொஞ்சம் தண்ணீராவது கொடுக்கலாமா?
– ஓர் அம்மாச்சி, உசிலம்பட்டி

பதில்: மூன்றுமே வேண்டாம், அம்மா. முதலில், "பால் இல்லை" என்று மகள் காதுபட யாரும் பேச வேண்டாம்.

பிரசவமாகி மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள்தான் பால் நிறைய இறங்கும். ஆபரேஷன் என்றால் இன்னும் ஓரிரு நாள் தள்ளலாம். அதுவரை மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாக வருவது சீம்பால். நோயை எதிர்க்கும் சத்து அதில்தான் நிறைய இருக்கிறது. பிறந்த அன்று பிள்ளையின் வயிறு கோலிக்குண்டு அளவுதான். அந்தச் சொட்டுகளே போதும்.

பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். ஒரு பாலாடை டப்பாப் பால் போனால் பேரன் தூங்கிவிடுவான், அந்த வேளை மார்பில் சப்ப மாட்டான், ஊறுவது குறையும். மறுநாள் இரண்டு பாலாடை கேட்பான். இப்படியே பால் வற்றிப்போன பிள்ளைத்தாய்ச்சிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கழுதைப்பாலைத் தெருவில் கறந்து, காய்ச்சாமல் அப்படியே சங்கில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். கறந்த கையிலும் சங்கிலும் இருக்கும் கிருமியை நாலு நாள் குடல் தாங்காது. சம்பந்தியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவரும் பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். அதனால் எந்த வெயிலானாலும் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம். செம்புத் தண்ணீரை மகள் பக்கத்தில் வையுங்கள்.

பேரன் கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்து மார்பில் போடுங்கள். காம்போடு சுற்றியிருக்கும் கறுப்பு வட்டமும் வாய்க்குள் போக வேண்டும், மோவாய் மார்பில் ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுக்கலாம். ராத்திரிப் பாலை விடவே கூடாது.

பால் கொடுக்கும்போது அடிவயிறு பிசைகிறது என்று மகள் சொன்னால் பயப்படாதீர்கள். கர்ப்பப்பை சுருங்குகிறது, உதிரப்போக்கு குறையும். பின்னாளில் அவளுக்கு மார்பகப் புற்றுநோயும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பும் குறைகிறது. பேரனுக்கு வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் அண்டுவது குறையும்.

நாளையிலிருந்து தினமும் ஆறு துணியாவது நனைகிறதா, மலம் மஞ்சளாக மாறுகிறதா பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதுகிறது. துணி நனையாவிட்டாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, கால் வரை மஞ்சள் பூத்தாலோ, உடம்பு சுட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூண்டுக் குழம்பு தாராளமாகச் செய்யுங்கள். பத்தியம் என்று மகளை அரை வயிற்றோடு மட்டும் விடாதீர்கள். ராத்திரி துணி மாற்றிப் பேரனை அவள் கையில் கொடுப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். கிராமச் செவிலியர் வரும்போது, ஒரு தடவை பால் கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.