விளம்பரத்தில் எழுத்தை அழித்தால் அது எப்படிக் கலையாகும்? கும்பகோணத்தில் நாங்களும் செய்து பார்க்கலாமா?

அமெரிக்கக் கலைஞர் ஹாங்க் வில்லிஸ் தாமஸ் செய்தது இதுதான்: 1968 முதல் 2008 வரை கறுப்பினத்தவரைக் குறிவைத்த, அவர்களைக் காட்டிய விளம்பரங்களில் ஆண்டுக்கு இரண்டாக எடுத்து, வாசகம், லோகோ எல்லாவற்றையும் கணினியில் துடைத்தார். மொத்தம் 82 படங்கள். விற்கும் சரக்கு மறைந்ததும், ஆட்களை எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் கண்ணில் படும்.

நமக்குப் பழைய வார இதழ்களின் சிவப்பழகு கிரீம், பட்டுச்சேலை விளம்பரங்களே தாராளம். ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் குளோ அண்ட் லவ்லி ஆனது. பெயரைத் துடைத்துவிட்டு, பெயர் மாறுமுன் வந்த விளம்பரத்தையும் மாறிய பின் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் மென்பொருளில் அச்சுப் புள்ளிகளை மழுப்பும் டீஸ்கிரீன் வசதியைப் போடாவிட்டால் அவை அலையலையாகத் தெரியும். எழுத்தைக் குளோன் ஸ்டாம்பால் (படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து இன்னொரு இடத்தில் பூசும் கருவி) கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். தானியங்கி நிரப்பியை முகத்தருகே விட்டால் தோல் வழவழத்துப்போகும். விளம்பரக்காரர் செய்த வேலையை நீங்களும் செய்ததாகிவிடும். நிறத்தைத் தானே திருத்தும் ஆட்டோ கலர் பக்கமே போகாதீர்கள். பழுத்த தாளின் மஞ்சளை எடுக்கிறேன் என்று தோல் நிறத்தையும் மாற்றிவிடும்.

கடைத்தெரு ஃபிளெக்ஸ் பேனர் என்றால் வெயில் ஏறுமுன், நேர் எதிரே நின்று, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள்.

தலைப்பில் விளம்பரம் வந்த ஆண்டு, துடைத்த ஆண்டு இரண்டையும் போடுங்கள். தாமஸும் அப்படித்தான் போடுகிறார்.