பழைய படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் இருந்த படத்தின் பின்புறம் 12.8.2603 என்று மையால் எழுதியிருக்கிறது. இப்படி ஓர் ஆண்டே கிடையாதே?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் இங்கே மலாயாவில் ஜப்பானிய ஆண்டுக் கணக்கும் புழங்கியது. 660-ஐக் கழியுங்கள், 1943 வரும். ஆனால் அது படம் எடுத்த நாள்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யாருக்கோ கொடுத்த நாளாகவும் இருக்கலாம். 'விய வருஷம்' என்று தமிழ் ஆண்டு இருந்தால் 1946-47. அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் 1886-87-உம் அதே பெயர்தான். உடையைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

பழுப்பாக மங்கிய மையைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யாதீர்கள். வண்ணத்தில், 600 டிபிஐ-யில் எடுத்து, படத் திருத்தச் செயலியில் நீல நிற அடுக்கை (blue channel) மட்டும் தனியாகப் பார்த்தால் எழுத்து எழும்பி வரும். பென்சில் எழுத்துக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே போதும்.

கேள்வி: பாட்டி ஏதோ கடைத்தெருவில் நிற்கிறார். பினாங்கு ஜார்ஜ் டவுன் என்கிறார் அப்பா. ஆண்டைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பாட்டியை விட்டுவிட்டுச் சாலைக்கு நேர் மேலே பாருங்கள். டிராமுக்கு ஒரு கம்பி போதும்; மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். ரப்பர் சக்கரத்தில் ஓடும் டிராலி பஸ்ஸுக்கு இரண்டு கம்பி வேண்டும். பினாங்கில் மின்சார டிராம் 1906 முதல் 1936 வரை, டிராலி பஸ் 1925 முதல் 1961 வரை. இரட்டைக் கம்பி தெரிந்தால் ஆண்டு பெரும்பாலும் 1925-க்கும் 1961-க்கும் இடையில்தான். கம்பியே இல்லையென்றால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எல்லாத் தெருவிலும் இவை ஓடவில்லை.

அடுத்து, ஐந்தடிக்கு (கடை முன் உள்ள நடைபாதைக்கு) மேலே உள்ள கடைப் பலகை. எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் நெகட்டிவைப் புரட்டி அச்சடித்திருக்கிறார்கள். திருப்பிய பிறகே தெருவைத் தேடுங்கள். கடைப் பெயர் படிக்க முடிந்தால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தட்டிப் பாருங்கள். பழைய பினாங்கு நாளிதழ்களும் அதில் உண்டு. விளம்பரத்தில் முகவரி இருக்கலாம். கோலாலம்பூர்ப் படமாக இருந்தால் வண்டி எண்ணைப் பாருங்கள்: டபிள்யூ என்று தொடங்கினால் 1974-க்கு முந்தியதல்ல.

கேள்வி: குழுப் படத்தில் ஒரே ஆளுக்கு அத்தை ஒரு பெயர் சொல்கிறார், பெரியப்பா வேறு பெயர் சொல்கிறார். யாரை நம்புவது?
– வாசகி, செந்தூல்

பதில்: இருவரையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். குரல் ஓங்கியவர் சொல்வதே நின்றுவிடும். ஏ4 தாளில் நகல் எடுத்து, ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, தனித்தனியாகக் கேளுங்கள். "இது சித்தப்பாதானே?" என்றால் ஆமாம் என்றுதான் பதில் வரும், "மூணாவது ஆள் யாரு?" என்று கேளுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். பதில்கள் முரண்பட்டால் இரண்டுமே குறிப்பில் இருக்கட்டும்.

தீர்ப்புக்கு மடியில் இருக்கும் குழந்தை உதவும். பிறப்புப் பத்திரத்தின் ஆண்டோடு குழந்தையின் வயதைக் கூட்டினால் படத்தின் ஆண்டு; அப்போது ஊரில் இல்லாதவரை நீக்கிவிடலாம். முகத்தை ஒப்பிடும்போது மீசையையும் பருமனையும் நம்பாமல் காதைப் பாருங்கள், ஒரே கோணத்தில் எடுத்த படமாக இருந்தால். ஏஐ செயலியில் முகத்தைத் தெளிவாக்கி ஒப்பிடவே கூடாது. கண்ணையும் உதட்டையும் அதுவே வரைந்துவிடும்.

பெயரைப் பழைய காகிதப் படமானால் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள கலர் படத்தில் பென்சில் ஒட்டாது, பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். அதற்கு உறையின் மேல் முதலில் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.