பதவியேற்பிலேயே 'சுபம்': வாசகர் கேள்வி பதில்

வாசகி, திருமங்கலம்: 'தலைவி' படத்தைப் போன வாரம்தான் டிவியில் பார்த்தோம். ஜெயலலிதா கதை என்று உட்கார்ந்தால் பாதிக்கு மேல் எம்.ஜி.ஆர். படம் மாதிரி போகிறதே! உங்களுக்கு எப்படி இருந்தது?

நீங்களாவது டிவியில் பார்த்தீர்கள். நான் 2021 செப்டம்பரில், தியேட்டர்களில் ஒரு சீட் விட்டு ஒரு சீட் உட்கார வைத்த நேரத்தில், காசு கொடுத்து என் அம்மாவைக் கூட்டிப் போய்ப் பார்த்தவன். அம்மா 1989-ல் போடியில் ஜெயலலிதாவின் சேவல் சின்னத்துக்குக் குத்தியவர். இடைவேளையில் முறுக்கைக் கடித்தபடியே, "இந்தப் பொண்ணு ஏன்டா எந்நேரமும் அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கு?" என்றார். விமர்சனம் அதோடு முடிந்தது. இனி நான் எழுதுவது நீட்டி முழக்குவதுதான்.

1989 மார்ச் 25 சட்டசபை ரகளையில் படம் தொடங்குகிறது; 1991-ல் முதல்வராகப் பதவியேற்றதும் முடிகிறது. பாஞ்சாலி சபதம் போட்டாள், கூந்தலை முடித்தாள், சுபம். அதற்குப் பிறகுதானே ஐயா அவர் 25 வருஷம் இருந்தார்? தொட்டில் குழந்தைத் திட்டம், மகளிர் காவல் நிலையம், 69 சதவீத இடஒதுக்கீட்டுக்காக டெல்லியோடு மல்லுக்கட்டியது, வளர்ப்பு மகன் திருமணம், பர்கூர் தோல்வி, 2003-ல் ஒரேயடியாக வேலை போன அரசு ஊழியர்கள், பெங்களூரு சொத்துக்குவிப்பு வழக்குத் தீர்ப்பு, ஒரு ரூபாய் இட்லி, மருத்துவமனையில் 75 நாள். அவரைக் கும்பிட்டவர்களும் திட்டியவர்களும் இன்றுவரை டீக்கடையில் பேசுவது இதையெல்லாம்தான். படம் இதில் ஒன்றையும் தொடவில்லை. தொட்டால் யாராவது கோபித்துக்கொள்வார்கள்.

சரி, 1991 வரைதான் என்றே வைத்துக்கொள்வோம். அதிலும் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. எம்.ஜி.ஆர். போன பிறகு கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 தேர்தலில் போடியில் ஜெயலலிதா, சேவல். பக்கத்து ஆண்டிபட்டியில் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மாள், இரட்டைப் புறா. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலிலிருந்து சுவரில் இலையே போட்டுப் பழகிய என் மாமாவுக்குச் சேவல் வரவில்லை. முதல் சுவரில் வந்தது வாத்து. "கொண்டையப் பெருசாப் போடுங்க மாமா" என்று நான்தான் யோசனை சொன்னேன். காவியைக் குழைத்து அவர் போட்ட கொண்டை, உடம்பைவிடப் பெரிதாகிவிட்டது. மழை பெய்து கரையும்வரை ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. போடியில் சேவல் ஜெயித்தது, ஆண்டிபட்டியில் புறா தோற்றது. ஜெயலலிதா அணிக்கு 27 இடம். எம்.ஜி.ஆரும் இல்லை, இலையும் இல்லை. அந்த ஓட்டெல்லாம் அவரே சம்பாதித்தது. அவர் தலைவியானது அந்தத் தேர்தலில்தான் என்பது என் கட்சி. படம் முடிந்து வெளியே வந்தபோது அந்தத் தேர்தல் மட்டும் எனக்கு நினைவிலேயே தங்கவில்லை. காதல் பார்வைகள் தங்கியிருந்தன.

வாசகர், சிவகாசி: நடிப்பையாவது பாராட்டுவீர்களா?

எம்.ஜி.ஆராக வரும் அரவிந்த்சாமிக்குத் தாராளமாக. அந்த நடை, அந்தச் சிரிப்பு, கையை உயர்த்தும் விதம் எல்லாம் கச்சிதம். வினை என்னவென்றால், அவர் திரையில் இருக்கும்வரை கண் வேறு பக்கம் போகவில்லை. ஜெயலலிதாவாக வரும் கங்கனா ரனாவத் உழைத்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் தமிழ் அவர் உதட்டில் ஒட்டவே இல்லை. தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டே "செய்வீர்களா? நீங்கள் செய்வீர்களா?" என்று ஒரு மைதானத்தையே எழுப்பியவர் ஜெயலலிதா. அழுத்தம் 'நீங்கள்' மேல் விழும். அந்த ஒரு சொல்லுக்குப் பழகியிருந்தாலே பாதி படம் தேறியிருக்கும்.

வாசகர், காரைக்குடி: எம்.ஜி.ஆரை 'எம்.ஜே.ஆர்.' ஆக்கியிருக்கிறார்களே, யாருக்குத் தெரியாமல் இருக்க?

உங்களுக்கும் எனக்கும் தெரியாமல் இருக்கத்தான்! கருணாநிதியும் 'கருணா' ஆகிவிட்டார். 1997-ல் 'இருவர்' படத்தில் மணிரத்னம் ஆனந்தன், தமிழ்ச்செல்வன் என்று பெயர்களை அடியோடு மாற்றினார். யார் யார் என்று தியேட்டரில் ஒருவரும் கேட்கவில்லை. இங்கே ஓர் எழுத்தைத்தான் மாற்றினார்கள், ஆளைக் காணோம்.

வாசகி, பழனி: அடுத்து எந்தத் தலைவரைப் படமாக எடுக்கலாம்?

இவரையேதான். 1991-லிருந்து ஆரம்பிக்கட்டும். செட்டுக்கு வேண்டுமானால் எங்கள் வீட்டு விலையில்லா கிரைண்டரைத் தருகிறேன். ஸ்டிக்கரில் அவர் முகம் பாதி உரிந்துவிட்டது, மோட்டார் இன்னும் ஓடுகிறது. ஒரே நிபந்தனை: சனிக்கிழமை மாவாட்ட வேண்டும், வெள்ளிக்கிழமையே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.